தலையெழுத்தும் முயற்சியும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் சுருக்கம்)



ஒரு பிள்ளை பாடத்திற் பின்தங்கினால், "அவன் மூளை அவ்வளவுதான்" என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றோம். அத்தீர்ப்பு நீதியானதா?

மூளையின் அமைப்பிற் பரம்பரைக்குப் பெரும் பங்குண்டு. பரம்பரையலகுகள் ஒத்த இரட்டையரின் மூளைகள், ஏனைய இரட்டையரின் மூளைகளிலும் பார்க்கப் பருமனில் நெருங்கி ஒத்திருக்கின்றன. ஆயினும் கதை அங்கே முடிவதில்லை.

இலண்டன் மாநகரில் வாடகைக்கார்ச் சாரதியாக விரும்புவோர் ஏறக்குறைய 25,000 வீதிகளை மனத்திற் பதித்துப் பரீட்சையில் தேறவேண்டும். அவ்வாறு பயின்ற 79 பேரை வூலெட், மக்குவையர் என்னும் இரு அறிஞர்கள் ஆராய்ந்து 2011இல் முடிவை வெளியிட்டனர். தொடக்கத்தில் அவர்களிடையே வேறுபாடு காணப்படவில்லை. சில ஆண்டுகளின் பின், தேறிய 39 பேரின் மூளையில், இடநினைவுக்குரிய ஹிப்போகாம்பஸின் பின்பகுதி வளர்ந்திருந்தது. தேறாதவரிடம் அவ்வளர்ச்சி இல்லை. இவர்கள் சிறுவரல்லர், வளர்ந்தோர் என்பதைக் கவனிக்க.

மறுபுறத்தையும் பார்ப்போம். ருமேனியாவின் அனாதை விடுதிகளிற் கவனிப்பாரின்றி வாடி, பின்னர் பிரித்தானியக் குடும்பங்களில் வளர்ந்த 67 பேரின் மூளை, அத்துன்பம் அறியாத தத்துப்பிள்ளைகளின் மூளையிலும் சராசரி 8.6 சதவீதம் சிறியதென 2020இல் வெளியான ஆய்வு காட்டிற்று. நல்ல வீடு பின்னர் கிடைத்தும் அக்குறை முற்றாக நீங்கவில்லை.

வித்து முன்னோர் தந்தது; நிலமும் நீரும் நாம் தருவன. ஆகவே, கடைசி வாங்கிலிருக்கும் பிள்ளைக்கு இன்னும் சற்றுப் பொறுமையுடன் கற்பிப்போமாக. அவன் தலையில் எல்லாம் எழுதி முடிந்துவிட்டதென்று சொல்ல எமக்கு உரிமையில்லை.