சட்டப் பரீட்சையும் ஒரு குமாஸ்தாவின் வீடும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)

மேடைப் பேச்சில் பழக்கமில்லாத என்னை, "உம் வீட்டில் நடப்பதைச் சொன்னால் போதும்" என்று கூறிக் காரியதரிசி அவர்கள் இங்கே நிறுத்திவிட்டார். ஆகவே வீட்டு விஷயத்தையே சொல்கிறேன். பிழை இருப்பின் பொறுத்தருள வேண்டும்.

நான் மெட்ரிக் தேறியவன். அதற்கு மேல் படிக்கக் கொடுத்து வைக்கவில்லை. பணியிலிருக்கும்போதே தந்தையார் காலமானார். கருணை அடிப்படையில் பத்தொன்பதாம் வயதில் இந்த கரக்பூரில் ரயில்வே வேலையில் அமர்ந்தேன். வக்கீலாக வேண்டும் என்ற ஆசை அந்நாளில் எனக்கு இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. இவ்வாண்டு என் மகள், "அப்பா, நான் சட்டம் படிக்கப் போகிறேன்" என்று சொன்னபோது, என் ஆசை எப்படி இவளுக்குத் தெரிந்தது என்று ஒரு கணம் திகைத்துப் போனேன்.

தஞ்சாவூரிலுள்ள என் தமக்கையார் உடனே தொலைபேசியில், "இதற்கு ஏன் இத்தனை பாடு? இங்கே பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்தே சட்டக் கல்லூரியில் சேர்த்துக்கொள்கிறார்களே" என்றார். உண்மைதான். சென்னையிலுள்ள டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக் கழகத்தின் வழியாக நடைபெறும் சேர்க்கைக்குத் தனிப் பரீட்சை இல்லை. ஆனால் என் மகள் குறிவைப்பது தேசியச் சட்டப் பல்கலைக் கழகங்களை. பெங்களூரில் மாதவ மேனன் அவர்கள் இயக்குநராக இருந்து வளர்த்த பள்ளி, 1988இல் முதல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு ஐந்தாண்டுப் படிப்பைத் தொடங்கியது. அதைப் பின்பற்றி மாநிலந்தோறும் எழுந்தவை இன்று இருபதுக்கு மேல் இருக்கின்றன. நமக்கு அருகில் கல்கத்தாவில் ஒன்று. நம்மவர் ஊரான திருச்சியிலும் ஒன்று.

முன்பு ஒவ்வொரு பள்ளியும் தனித்தனியே பரீட்சை வைத்தது. பிள்ளைகள் ஊர் ஊராக ரயிலேறி அலைந்தார்கள். (ரயில்வேக்கு அதனால் வருமானந்தான்!) 2008இல் ஏழு பல்கலைக் கழகங்கள் ஒன்றுகூடி 'கிளாட்' என்னும் பொதுப் பரீட்சையை ஏற்படுத்தின. 2017இல் இதற்கென ஒரு கூட்டமைப்பும் அமைந்தது. டெல்லியிலுள்ள தேசியச் சட்டப் பல்கலைக் கழகம் இன்றளவும் தனிப் பரீட்சையே நடத்துகிறது.

பரீட்சை டிசம்பரில், பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை. 120 வினாக்கள், 120 நிமிடங்கள். ஒவ்வொன்றும் சுமார் 450 சொற்கள் வரை நீளும் பத்திகளைப் படித்து, அவற்றின் கீழுள்ள வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். இங்கிலீஷ், நடப்புச் செய்திகள், சட்ட ஆராய்ச்சி, தர்க்கம், சிறிது கணக்கு என ஐந்து பிரிவுகள். அனைத்தும் இங்கிலீஷிலேயே. வீட்டில் தமிழும் தெருவில் வங்காளியும் கடையில் ஹிந்தியும் பேசும் பெண்ணுக்கு, நான்காவது மொழியில்தான் தலையெழுத்து!

தவறான விடை ஒன்றுக்குக் கால் மதிப்பெண் குறையும். இதைக் கேட்டதும் என் குமாஸ்தா புத்தி கணக்குப் போட்டது. நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு பதினாறு வினாக்களுக்குக் குறித்தால், சராசரியில் நான்கு சரியாகும்; பன்னிரண்டு தவறாகும். நான்கு வரவு, மூன்று பற்று, ஒன்று இருப்பு. "அப்படியானால் எதையும் விடாமல் குறித்துவிடலாமே, அம்மா" என்றேன். "அந்த ஒரு மார்க்கு நிச்சயமில்லை, அப்பா. பொருந்தாத விடை ஒன்றையாவது தள்ளிவிட முடிந்தால்தான் குறிப்பேன்" என்றாள். அவ்வாறு தள்ளிப் பார்த்தால் அதே பதினாறில் இரண்டரைக்கும் மேல் மிஞ்சும் என்பதைப் பிறகு நானே போட்டுப் பார்த்துக்கொண்டேன்.

இனி, எங்கள் வீட்டில் நடந்த வழக்கொன்றைச் சொல்ல வேண்டும். ஆபீசில் என் மேசைக்கு வருபவை ரயில் விபத்து இழப்பீட்டுக் கட்டுகள். ஒரு ஞாயிறன்று மகள் பயிற்சித் தாள் ஒன்றைப் படித்தாள். டிக்கெட்டைக் காட்ட முடியாதவர் பயணியாகக் கருதப்பட மாட்டார், அவர் குடும்பத்துக்கு இழப்பீடு இல்லை என்பது பத்தியில் தந்திருந்த விதி. ரயிலிலிருந்து விழுந்து இறந்தவரின் உடலில் டிக்கெட் இல்லை. குடும்பத்துக்குப் பணம் உண்டா என்பது கேள்வி. நான் சிறிதும் தயங்காமல், "உண்டு" என்றேன். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 124அ பிரிவு எனக்கு மனப்பாடம். ரயில்வேயின் மீது குற்றம் இல்லாவிடினும் பணம் தர வேண்டும். டிக்கெட் அகப்படாததை மட்டுமே காரணமாக்கி மறுக்கலாகாது என்று சுப்ரீம் கோர்ட்டும் 2018இல் ரீனா தேவி வழக்கில் தெளிவாக்கிவிட்டது.

மகள் சிரித்தாள். "அப்பா, உங்கள் விடை கோர்ட்டில் சரி. இந்தத் தாளில் தவறு. பத்தி தரும் விதியைத்தான் பொருத்த வேண்டும், வெளியிலிருந்து எதையும் கொண்டுவரக் கூடாது" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. கைம்பெண்கள் பலர் என் மேசைக்கு முன் நின்றதைப் பார்த்தவன் நான். தவறான விதியைச் சரியாகப் பொருத்துவது என்ன கல்வி என்று கேட்டேன். அவள் சற்று யோசித்து, "விதி இன்னதென்று முதலில் ஒழுங்காகப் படித்தால்தானே அது தவறென்று வாதாட முடியும்?" என்றாள். இதற்கு என்னிடம் விடை இல்லை. ஆயினும் என் மனம் முழுவதும் சமாதானம் ஆகவில்லை என்பதையும் இச்சபையில் ஒப்புக்கொள்கிறேன்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. கல்கத்தாவில் ஒரு பயிற்சி நிலையத்தில் கேட்ட தொகை என் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல். இடம் கிடைத்தாலும், பல பல்கலைக் கழகங்களில் ஆண்டுச் செலவு இரண்டு இலட்சத்தைத் தாண்டும். என் மனைவி தன் வளையல்களை இப்போதே எடைபோட்டுப் பார்த்துவிட்டாள். ஏழைப் பிள்ளைகளும் இப்படிப்பை அடைய வேண்டுமென்று கல்கத்தாவிலுள்ள தேசியச் சட்டப் பல்கலைக் கழகத்தில் பேராசிரியராயிருந்த ஷம்நாத் பஷீர் அவர்கள் 2010இல் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். 2019இல் இளவயதிலேயே மறைந்துவிட்டார். அவ்வியக்கத்தைப் பற்றி இங்குள்ள பெற்றோர் விசாரித்து அறிய வேண்டும்.

இன்னொன்று நம்மைப் போல் குடிபெயர்ந்தோர் கவனிக்க வேண்டியது. பெரும்பாலான பல்கலைக் கழகங்கள் ஒரு பகுதி இடங்களைத் தத்தம் மாநிலத்தாருக்கு ஒதுக்குகின்றன. படிவத்தை நிரப்ப உட்கார்ந்தபோது மகள், "நாம் எந்த மாநிலம், அப்பா?" என்று கேட்டாள். திருச்சிக்கு நாம் வங்காளத்தார். இங்கே நாம் மதராசிகள். பிறந்ததும் படித்ததும் இங்கேதான் என்பதற்கான காகிதங்களைத் தேடி எடுக்க எனக்கு இரண்டு நாள் லீவு பிடித்தது. பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்புக்கு வருமுன்பே பெற்றோர் அவற்றைச் சேகரித்து வைத்துக்கொள்வது நல்லது.

நிறைவாக ஒரு வேண்டுகோள். நம் வாசகசாலையில் தமிழ்ப் பத்திரிகைகளோடு இங்கிலீஷ் தினசரி ஒன்றும் வாங்க வேண்டுமென்று சென்ற மாதம் எழுதிக் கொடுத்தேன். தமிழ்ச் சங்கத்தில் இங்கிலீஷ் எதற்கு என்று பெரியவர்கள் சிலர் வருந்தினார்கள். அவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. சந்தாவை நானே கட்டுகிறேன். தமிழ்ப் பத்திரிகை ஒன்றையும் குறைக்க வேண்டாம். தவிர, டிசம்பர் வரையில் ஞாயிறுதோறும் பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை நம் சிறிய கூடத்தைத் திறந்துவைக்கக் காரியதரிசி அவர்கள் இசைந்திருக்கிறார்கள். என் மகள் அங்கே தாளும் கடிகாரமுமாக உட்கார்ந்திருப்பாள். உங்கள் பிள்ளைகளையும் அனுப்புங்கள். பழைய வினாத்தாள்கள் என்னிடம் இருக்கின்றன. கூடத்தின் சாவியும் என்னிடமே இருக்கும்.