எருமைக் கன்றின் மயக்கமும் விழிப்பும்

மட்டக்களப்புத் தயிரின் சுவையை அறியாத நேயர்கள் சிலரே இருப்பர். அத்தயிருக்குப் பால் சுரக்கும் எருமையின் கன்று சிலவேளை தொப்புளில் குடலிறக்கத்துடன் பிறந்துவிடுகிறது. சிறு வீக்கம் தானாகவே மறைவதுண்டு. பெரிதாயின் சத்திரசிகிச்சை வேண்டும். 'கன்று மயக்கத்திலிருந்து எழுமா?' என்று அப்போது வளர்ப்பவர் மிருக வைத்தியரைக் கேட்பது இயல்பே.

அந்த அச்சம் வீணன்று. எருமை அசைமீட்கும் விலங்கு. நினைவு தப்பியதும் அதன் தொண்டையின் காவல் தளர்கிறது. உமிழ்நீரோ ஓயாது சுரக்கும். பெருவயிற்றில் உள்ளதும் மேலெழும்பி வரலாம். அது மூச்சுக்குழலிற் புகுந்தால் சுவாசம் அடைபடும். அன்றேல் பின்னர் நுரையீரல் அழற்சி காணும். படுத்த நிலையில் ஏப்பம் விடவும் இயலாது. வாயு திரண்டு இடப்பக்கம் புடைத்து நெஞ்சை நெருக்கும்.

இதனாலேயே வளர்ந்த எருமையை முன்னதாகப் பட்டினி போடுகின்றனர். ஆயினும் பால்குடி மாறாத கன்றுக்கு அவ்விதி பொருந்தாது. அதன் பெருவயிறு இன்னும் வளரவில்லை. நெடுநேரம் பாலின்றி இருந்தால் இரத்தத்திற் சர்க்கரை குறைந்து சோர்ந்துவிடும். சில மணி நேரமே போதும். ஆகவே கன்று புல் மேயத் தொடங்கிவிட்டதா என்பதை வளர்ப்பவர் மறவாது சொல்லவேண்டும். வைத்தியர் கேட்கும்வரை காத்திருத்தல் நன்றன்று.

மருந்தின் அளவிலும் ஒரு பொறி உண்டு. 1962ஆம் ஆண்டிற் கண்டுபிடிக்கப்பட்ட சைலசின் என்னும் அமைதி மருந்து, குதிரைக்கு வேண்டிய அளவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே மாட்டினத்துக்குப் போதுமானது. குதிரையின் கணக்கிலே கன்றுக்கு ஊசி ஏற்றுவது பேராபத்து. கன்றின் எடையைக் கண்ணால் மதியாது நிறுத்தே பார்த்தல் வேண்டும். சைலசினோடு கீற்றமின் சேர்த்து மயக்குவது வழக்கம்; நெடிய சிகிச்சையாயின் ஐசோபுளூரேன் ஆவியைப் பிராணவாயுவுடன் சுவாசிக்கச் செய்வர்.

மயங்கியதும் மூச்சுக்குழலுள் ஒரு குழாயைச் செலுத்தி, அதனைச் சூழ்ந்த உறையைக் காற்றூதி விரிப்பர். தொண்டை சற்று உயர்ந்தும் வாய் தாழ்ந்தும் இருக்கத் தலையை வைத்தால் உமிழ்நீர் வெளியே வடிந்துவிடும். வெறுஞ் சீமெந்துத் தரையிலே கிடத்தலாகாது. இளம் உடல் விரைவிற் குளிர்ந்துவிடும். வைக்கோலும் சாக்கும் விரித்தால் நலம்.

கத்தி வேலை முடிந்தவுடன் ஆபத்து நீங்கிவிட்டதென்று எண்ணுவோர் பலர். உண்மையிற் பின்வரும் நாழிகையே கூர்ந்து நோக்கவேண்டியது. கன்றை நெஞ்சு தரையிற் படிய நிமிர்த்தி இருத்துவர். அது தானாக விழுங்கத் தொடங்கும்வரை குழாயை எடுப்பதில்லை. தாய் எருமை அருகிலே நின்று கதறினாலும், கன்று நான்கு காலிலும் உறுதியாக நிற்கும்வரை மடியை அணுக விடலாகாது.