பிப் ஜோவிடம் சொல்லாதது

(நமது சங்கத்தின் வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பி.காம். படித்தவன். கல்லூரியில் சார்லஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' சுருக்கப் பதிப்பு எங்களுக்கு நான்-டீடெய்ல். நோட்ஸை மனப்பாடம் செய்து பாஸானேன். ஓய்வுபெற்ற பிறகுதான் முழு நாவலையும் கையில் எடுத்தேன். மொத்தம் 59 அத்தியாயங்கள். இன்று முதல் ஆறை மட்டும் பார்ப்போம்.

1860 டிசம்பரில், டிக்கன்ஸ் தானே நடத்திய வார இதழில் இது தொடராகத் தொடங்கியது. தொடர்கதை படித்து வளர்ந்த உங்களுக்கு அந்த வேகம் உடனே பிடிபடும். ஆரம்பத்திலேயே தப்பிவந்த கைதி ஒருவன், கல்லறைகளுக்கு நடுவே சிறுவன் பிப்பைப் பிடித்துக்கொள்கிறான்.

பிப் பெற்றோரைப் பார்த்ததே இல்லை. கல்லறையில் பொறித்த எழுத்துகளின் வடிவத்தை வைத்து, அப்பா இப்படி இருந்திருப்பார், அம்மா இப்படி என்று நினைத்துக்கொள்கிறான். வளர்ப்பவள் அக்கா, அவனை அடிக்கவென்றே ஒரு பிரம்பு வைத்திருக்கிறாள். அவள் கணவர் ஜோ, கொல்லர். அந்த வீட்டில் பிப்புக்கு இருக்கும் ஒரே ஆதரவு அவர்தான்.

கைதி கேட்டது ஓர் அரமும் சாப்பாடும். கிறிஸ்துமஸ் விடியற்காலையில் பிப் அக்காவின் அலமாரியிலிருந்து ரொட்டி, சீஸ், பிராந்தி எல்லாம் எடுக்கிறான். ஜோவின் பட்டறையிலிருந்து அரம். பிராந்தி குறைந்தது தெரியாமலிருக்க அவன் ஊற்றியது தார் கலந்த நீர். விருந்தில் அதைக் குடித்த பம்பிள்சூக் படும் பாட்டை நீங்களே படித்துச் சிரியுங்கள்.

அன்றே கைதி பிடிபடுகிறான். போகும்போது, யாரும் கேட்காமலே, கொல்லர் வீட்டில் சாப்பாட்டைத் திருடியது தான்தான் என்கிறான். பிப்பைக் காப்பாற்றச் சொன்ன பொய் அது. ஜோ கோபப்படவில்லை. நீ என்ன குற்றம் செய்தாயோ, அதற்காகப் பட்டினி கிடந்து சாக வேண்டுமா என்ற இரக்கம்தான் அவர் பேச்சில் இருக்கிறது.

ஆறாம் அத்தியாயம் மிகச் சிறியது. ஜோவிடம் உண்மையைச் சொல்ல பிப்புக்கு ஆசை. ஆனால் தன்னை மட்டமாக நினைத்துவிடுவாரோ, அவர் அன்பு போய்விடுமோ என்று பயந்து சொல்லாமலே இருந்துவிடுகிறான். பெரியவனான பிப்தான் இந்தக் கதையைச் சொல்கிறான் என்பதைக் கவனியுங்கள். சின்னப் பையன்தானே என்று அவன் தனக்குச் சலுகை தருவதில்லை. கோழைத்தனம் என்றே எழுதுகிறான். பின்னால் ஜோவிடமிருந்து அவன் விலகிப்போவதற்கு விதை இங்கேதான்.

கல்லூரியில் இது எனக்குப் புரியவில்லை. பிறகு வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் மாலை கேஷ் 500 ரூபாய் குறைந்தது. நோட்டுகளை எண்ணிக் கொடுத்தது நான். பக்கத்திலிருந்த மூத்த காசாளர், "என் கைப்பிசகாத்தான் இருக்கும்" என்று சொல்லித் தன் பணத்தைப் போட்டார். அன்றைய சம்பளத்தில் அது சின்னத் தொகையல்ல. தவறு என்னுடையது என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் ஓய்வுபெற்ற அன்றும் மாலை போட்டுக் கைகொடுத்தேனே தவிர, சொல்லவில்லை. இப்போது அவர் இல்லை. அன்று கேஷ் டாலி ஆகிவிட்டது; என் கணக்கு இன்னும் ஆகவில்லை.

அதனால்தான் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்: ஆறாம் அத்தியாயம் இரண்டு பக்கம்தானே என்று தள்ளிவிட்டுப் போகாதீர்கள். உங்களுக்கும் சொல்ல வேண்டிய ஒரு ஜோ இருந்தால், அவர் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.