காரம் என்றொரு சொல்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், இளைப்பாறிய இரசாயனவியல் ஆசிரியையான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



எனக்குத் தந்த சில நிமிடங்களில் ஒரேயொரு சொல்லைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அந்தச் சொல் காரம்.

தமிழ்நாட்டில் மிளகாயைக் காரம் என்பார்கள். நமக்கு அது உறைப்பு. நம் வீடுகளில் காரம் என்ற சொல் சவர்க்காரத்தில்தான் இருந்தது. ஆனால் அதன் பொருளை நான் சரியாகப் படித்தது, சவர்க்காரம் கிடைக்காத காலத்தில்.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலம். வெள்ளைச் சீருடையைப் பனம்பழத்தில் தோய்த்து உடுத்தி வந்தோம். அந்த மணம் உங்களிற் பலருக்கும் நினைவிருக்கும். ஆய்வுகூடத்தில் பாசிச்சாயத்தாள் தீர்ந்துபோயிருந்தது. எங்கள் ரீச்சர் கடதாசித் துண்டுகளை மஞ்சள் நீரில் தோய்த்துக் காயவைத்துக் கொண்டுவந்தார்.

"பனம்பழம் காரமோ?" என்று கேட்டார்.

"ஓம் ரீச்சர், நுரைக்குதே!" என்று முந்திக்கொண்டு சொன்னவள் நான்தான்.

பிழை என்று அவர் சொல்லவில்லை. ஒரு தாளை என் கையில் தந்தார். பனம்பழம் கரைத்த நீரில் அது சிவக்கவில்லை. அடுப்புச் சாம்பல் கரைத்த நீரில் சிவந்தது. வெற்றிலைச் சுண்ணாம்பிலும், ஆலாத்தித் தட்டைப் போலச் சிவந்தது. பனம்பழத்தில் நுரை வருவது சப்போனின் என்ற பொருளால் என்றும், நுரைப்பதெல்லாம் காரம் அல்ல என்றும் அதன் பிறகே விளக்கினார்.

அமிலத்தோடு தாக்கமடைந்து உப்பையும் நீரையும் தருவது மூலம். நீரில் கரையும் மூலமே காரம். செப்பு ஒட்சைட்டு மூலம்தான். நீரில் கரையாததால் காரம் அல்ல. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நாம் மூலம் என்பதே காரம் எனப்படுகிறது. இரு நாட்டு நூல்களையும் பார்த்துப் படிக்கும் பேரப்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவையுங்கள். இல்லையேல் பரீட்சையில் தடுமாறுவார்கள். ஆங்கிலேயர் வழங்கும் அல்கலி என்ற சொல்லும், தாவரச் சாம்பலைக் குறித்த அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான். எங்கள் ரீச்சர் கையிலெடுத்ததும் சாம்பலையே.

அவர் இன்று நம்மிடையே இல்லை. அவர் எழுதித் தந்த குறிப்புகள் 1995 இடப்பெயர்வில் போய்விட்டன. அந்தப் பழக்கம் மட்டும் என்னோடு வந்தது. பின்னாளில் என் வகுப்பில் ஒரு பிள்ளை அவசரப்பட்டுப் பதில் சொன்னால், நானும் பிழை என்று சொல்வதில்லை, தாளைக் கொடுப்பேன்.

ஆய்வுகூடத்துக்கு உபகரணங்கள் அனுப்பும் தங்கைமாருக்கு நன்றி. அவற்றோடு ஒரு போத்தல் மஞ்சள்தூளும் அங்கே இருக்கட்டும்.