மயிரிழை வாய்க்கால்



யாருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ அந்தப் பெரியவர், ஆயுள் முழுக்க ரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்தியவர். அவர் மேசையில் இருந்த நியூபவர் கண்ணாடியை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். கட்டம் கட்டமாகக் கோடு கிழித்த கண்ணாடி, மேலே ஒரு மூடுகண்ணாடி, இரண்டுக்கும் நடுவே 0.1 மில்லிமீட்டர் இடைவெளி. ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தால் யாரும் தள்ளாமலே உள்ளே ஓடிப் பரவும். ரத்தத்தை 20 மடங்கு நீர்க்கச் செய்து, நான்கு மூலைக் கட்டங்களில் எண்ணி, 50-ஆல் பெருக்கினால் ஒரு மைக்ரோலிட்டரின் வெள்ளையணுக் கணக்கு வந்துவிடும். நுண்வாய்க்கால்களில் திரவத்தை ஓடவிடும் மைக்ரோஃப்ளூயிடிக்ஸ் பற்றிப் பேச வந்த எனக்கு, தொடங்குவதற்கு அதைவிட நல்ல இடம் தெரியவில்லை.

மயிரிழை அகல வாய்க்காலில் தண்ணீரின் சுபாவமே வேறு. ஆற்றில் போலச் சுழிக்காது. இரண்டு சாயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் விட்டால், கோடு போட்டாற்போல ஓடும். ஓரத்தில் மட்டும் மெல்ல ஊறும். கலக்க நினைப்பவனுக்கு இது தொல்லை, பிரிக்க நினைப்பவனுக்கு வரம்.

2004-இல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் இந்த வரத்தைத்தான் பயன்படுத்திக்கொண்டார்கள். வாய்க்காலுக்குள் வரிசை வரிசையாக நுண்தூண்கள்; ஒவ்வொரு வரிசையும் முந்தையதைவிடச் சற்றே தள்ளி நிற்கும். சிறிய துகள் தூண்களுக்கிடையே நெளிந்து, நீரோடு நேரே போய்விடும். பெரியதோ தூண்களுக்கிடையே பிரியும் மெல்லிய ஓடைக்குள் அடங்காது. ஒவ்வொரு தூணும் அதைப் பக்கத்து ஓடைக்கு நகர்த்த, கடைசியில் தனி வாசலில் போய் நிற்கும். வடிகட்டி இல்லை, காந்தம் இல்லை.

2007-இல் பாஸ்டனில் மெஹ்மெத் டோனர் குழுவினர் வேறு வழியில் போனார்கள். ரத்தத்தில் அலையும் புற்றணுக்களைப் பிடிக்க, வாய்க்கால் செதுக்கிய ஒரே சிப்பில் 78,000 தூண்கள். நம் ஆயிரங்கால் மண்டபங்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்! அந்தத் தூண்களில் எதிர்ப்பொருள் பூசப்பட்டிருந்தது. பல புற்றணுக்களின் மேற்பரப்பில் இருக்கும் எப்கேம் என்ற புரதத்தை அது பற்றும்; அந்தப் புரதம் உள்ள அணு உரசினால் ஒட்டிக்கொள்ளும். சாதனைதான். ஆனால் ஒட்டிய அணுவைக் கழற்றி உயிரோடு எடுப்பது பெரும்பாடு. எப்கேம் குறைந்த அணுவோ தப்பித்துவிடும். அணுவைத் தொடாமல் நீரின் போக்கிலேயே பிரிப்பதுதான் என் கட்சி.

அதற்கும் ஒரு பழைய கதை உண்டு. குழாயில் ஓடும் சிறு உருண்டைகள், நடுவிலும் சுவரோரத்திலும் நில்லாமல், மையத்திலிருந்து ஆரத்தில் சுமார் 0.6 பங்கு தள்ளி வளையமாகக் கூடுவதை 1961-இல் செக்ரேயும் சில்பர்பெர்க்கும் கண்டார்கள். கொஞ்சம் வேகமாக ஓடவிட்டால் ரத்த அணுக்களும் அப்படியே வரிசை கட்டும். இன்றைய பல பிரிப்புச் சிப்புகள் அந்த வரிசையை நம்பித்தான் இருக்கின்றன.

கடைசியாக, புத்தகங்கள் அதிகம் பேசாத எதிரி: காற்றுக்குமிழி. வாய்க்காலின் வளைவில் ஒன்று உட்கார்ந்தால் போதும், ஓட்டம் மொத்தமும் கோணிவிடும். பின்னால் வரும் அணுக்கள் அதன் விளிம்பில் மோதிக் கிழியும். நியூபவர் கண்ணாடியில் குமிழி விழுந்தால் பெரியவர் மூடியைத் தூக்கித் துடைத்துவிட்டு மறுபடி ஒரு சொட்டு வைப்பார். எங்கள் சிப்பின் மூடியோ ஒட்டியது ஒட்டியதுதான். குமிழி கரையவில்லையென்றால் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும்.