மானத்தால் வீழ்ந்த பகைவர்: சூரபன்மனும் திரையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

ராயகிரி போன்றதொரு சிற்றூரில் ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிலைபெறுவது எளிய செயலன்று. அதனைப் பாராட்ட எனக்குப் பின்னே பலர் இருக்கிறார்கள். நான் நேரே பொருளுக்கு வந்துவிடுகிறேன். அதிமனிதக் கதைகள் திரைக்கு வரும்போது அவற்றின் வில்லன் எப்போது பெரியவன் ஆகிறான் என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. தமிழ் கற்பிக்கும் ஒருத்திக்கு இத்தலைப்பு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். மேலைநாட்டார் படக்கதைகளில் அதிமனிதர்களைப் படைப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, ஆறு முகமும் பன்னிரு கையும் வேலும் கொண்ட ஒருவனுடைய போர்க்கதையை 10,345 பாடல்களில் காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாசாரியார் பாடிவைத்திருக்கிறார். இறைவனை அதிமனிதன் என்று சுருக்குவது என் நோக்கமன்று. கதையின் அமைப்பை மட்டுமே ஒப்பிடுகிறேன், அடியார்கள் பொறுத்தருள்க.

கந்த சஷ்டியன்று திருச்செந்தூர்க் கடற்கரையில் நடக்கும் சூரசம்காரத்தை நீங்கள் அனைவரும் கண்டிருப்பீர்கள். பண்பொழித் திருமலைக் கோயிலிலும் இலஞ்சியிலும் முருகனை வணங்கி வளர்ந்த நமக்கு அது புதிய காட்சியன்று. யானை முகத்தோடு வருகிறான் ஒருவன், அம்முகம் வீழ்கிறது. சிங்கமுகம் வருகிறது, அதுவும் வீழ்கிறது. பிறகு சூரன் தன் முகத்தோடு வருகிறான். பின்னர் மாமரம், பின்னர் சேவல். முருகனுக்கு அங்கே ஒரே வடிவம், ஒரே வேல். மாற்றங்கள் அனைத்தும் பகைவனுக்கே உரியன. கூட்டத்தின் கண்கள் முருகனை வணங்குகின்றன. ஆனால் தொடர்வது சூரனை. திரைப்படம் தோன்றுவதற்கு முன்பே நம் மக்கள் கண்டுகொண்ட உண்மை இது: நாயகன் மாறுவதில்லை, நாடகம் நிகழ்வது பகைவனிடத்தில்.

காப்பியத் தலைவன் தனக்கு நிகர் இல்லாதவனாக இருத்தல் வேண்டும் என்பது தண்டியலங்காரம் வகுத்த இலக்கணம். அதற்கு மூலமாகிய வடமொழிக் காவியாதரிசம் பகைவனைப் பற்றியும் ஒரு கருத்தைச் சொல்கிறது. பகைவனுடைய குலத்தையும் வீரத்தையும் கல்வியையும் புகழ்ந்துரைத்துப் பின் அவனை வென்றதாகக் கூறினால் தலைவனின் உயர்வு விளங்கும் என்பது அது. இதனைப் பாடத்தில் நடத்தும்போதெல்லாம் எனக்கு ஒரு நிறைவின்மை தோன்றும். குலமும் வீரமும் கல்வியும் ஒருவனை வலிய பகைவனாக்கும், பெரிய பகைவனாக்குமா? இன்றைய படங்களில் வானளாவிய வில்லன்கள் நகரங்களைப் பெயர்த்து எறிகிறார்கள். படம் முடிந்து வெளியே வந்தால் அவர்களின் பெயர்கூட நினைவில் நிற்பதில்லை.

சூரபன்மனைக் கச்சியப்பர் எப்படி நடத்துகிறார் என்று பாருங்கள். 1008 அண்டங்களை 108 யுகங்கள் ஆளும் வரம் அவனுக்கு. அந்த எண்கள் நம்மை அசைப்பதில்லை. அசைப்பது அவனுடைய அவை. தேவரைச் சிறையிலிருந்து விட்டுவிடு என்று உடன்பிறந்த சிங்கமுகன் எடுத்துரைக்கிறான். அண்ணன் கேளாதபோது, அவனுக்கு முன்பே களத்தில் இறப்பேன் என்று தம்பி முடிவு செய்கிறான். பெருவீரனாகிய மகன் பானுகோபனும் தோற்றுத் திரும்பியபின் அதே அறிவுரையைச் சொல்கிறான். இவ்வாறு அன்புடையோர் ஒவ்வொருவராகக் கதவைத் திறந்து காட்டுகிறார்கள். அவன் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே போகிறான்.

இறுதிப் போரில் முருகன் பெருவடிவம் காட்டுகிறான். அப்போது சூரன் வியந்து நிற்கும் இடம் தமிழ்க் காப்பியங்களின் உச்சங்களுள் ஒன்று என்பது என் துணிபு. தன் உடலின் ஒவ்வோர் உறுப்பும் எதிரே நிற்பவனைப் பணிய விழைவதாக அவனே உணர்கிறான். தடுப்பது ஒன்றே ஒன்று. அது தீமை அன்று, வரத்தால் வந்த செருக்கும் அன்று. மானம் என்கிறார் கச்சியப்பர். மானமோ திருவள்ளுவர் தனி அதிகாரம் வகுத்துப் போற்றிய பண்பு! பெருவடிவம் மறைகிறது, சினம் மீள்கிறது, போர் தொடர்கிறது.

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தன் தீமையால் அழிபவன் சிறிய வில்லன். தன் நற்பண்பு ஒன்றாலேயே அழிபவன் பெரியவன்.

ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்து கம்பனைச் சுவைத்துக் காட்டிய குற்றாலம் நமக்கு அண்மையில் இருக்கிறது. ஆகையால் இராவணனைப் பற்றி இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. முதல் நாள் போரில் எல்லாம் இழந்து திரும்பும் அவன், விண்ணும் மண்ணும் நகைக்குமே என்று நாணவில்லை. சானகி நகைப்பாளே என்றுதான் நாணுகிறான். நாணத் தெரிந்த பகைவனை வெறுப்பது எளிதன்று.

இனித் திரைக்கு வருவோம். 1958ஆம் ஆண்டு வெளிவந்த ‘சம்பூர்ண ராமாயணம்’ படத்தில் டி.கே.பகவதி இராவணனாக நடித்தார். அவையில் இராகங்களைப் பற்றிய வினாக்களுக்கு விடையாகச் சிதம்பரம் ஜெயராமன் குரலில் அவன் பாடும் காட்சி இன்றும் பேசப்படுகிறது. கதை நகர்வுக்கு அக்காட்சி தேவையே இல்லை. ஆயினும் அதனை நீக்கிவிட்டால் படத்தில் இராவணன் இல்லை. வீணைக் கொடியோனின் இசையறிவைக் கண்டபிறகு அவன் வீழ்ச்சி நமக்கும் ஓர் இழப்பாகிறது.

அதே படத்திற்கு உரையாடல் எழுதிய ஏ.பி.நாகராஜன் 1967இல் ‘கந்தன் கருணை’யை இயக்கினார். சிவகுமார் முருகன், சிவாஜி கணேசன் வீரபாகு, எஸ்.ஏ.அசோகன் சூரபன்மன். மாம்பழக் கதை தொடங்கி வள்ளி திருமணம் வரை ஒரே படத்தில் அடக்க முயன்றதால், சூரனுக்குக் கிடைத்த இடம் சிறிது. முழக்கமும் நகைப்பும் கிடைத்தன. மானத்தோடு போராடும் அந்த ஒரு கணத்துக்கு இடமில்லாது போயிற்று. அசோகனின் ஆற்றற் குறைவன்று இது. மூன்றாண்டுகளுக்கு முன், 1964இல், பி.ஆர்.பந்துலுவின் ‘கர்ணன்’ படத்தில் இதே அசோகன்தான் துரியோதனன். மனைவி பானுமதியும் கர்ணனும் ஆடிக்கொண்டிருந்த இடத்திற்கு அவன் வருகிறான். முத்துகள் சிதறிக் கிடக்கின்றன. ஐயுறாத அவனது நட்பு அங்கே வெளிப்படுகிறது. பாஞ்சாலியை அவைக்கு இழுத்துவரச் செய்தவன் என்பதை அக்கணம் மறந்துவிடுகிறோம். மறக்கலாமா என்பது வேறு வினா; ஒரு பெண்ணாக எனக்கு அது உறுத்தவே செய்கிறது. நம்மை அவ்வாறு மறக்கச் செய்யும் ஆற்றல் உடையவனே பெரிய பகைவன். ஒரே நடிகர், இரண்டு வில்லன்கள். ஒருவனுக்கு ஒரு நற்பண்பைக் காட்டக் காட்சி கிடைத்தது, மற்றவனுக்குக் கிடைக்கவில்லை.

மேடையில் ஆர்.எஸ்.மனோகர் ‘இலங்கேசுவரன்’, ‘சூரபத்மன்’, ‘நரகாசுரன்’ என்று பகைவர்களையே நடுவில் நிறுத்தி நாடகங்கள் நடத்தினார். அவை பெருவெற்றி பெற்றவை. ஆயினும் பகைவனையே நாயகனாக்கிவிடும்போது அவன் பகைவன் என்ற பெருமையை இழந்துவிடுகிறான் என்பது என் எண்ணம். 2019இல் வந்த ‘ஜோக்கர்’ என்னும் ஆங்கிலப் படத்திலும் இதுவே நேர்ந்தது. அவனுடைய துன்பங்கள் முழுதும் விளக்கப்பட்டுவிட்டன, அச்சம் போய்விட்டது.

மேலைநாட்டுப் படங்களில் கச்சியப்பர் கண்டிருந்தால் தலையசைத்திருப்பார் என்று நான் கருதுவது 2018இல் வந்த ‘பிளாக் பேந்தர்’. கில்மாங்கர் என்பவன் நாயகனுக்குச் சிற்றப்பன் மகன். நாயகனின் தந்தையால் தன் தந்தை கொல்லப்பட, அயல்நாட்டில் அனாதையாக வளர்ந்தவன். இறுதியில் புண்பட்டுக் கிடக்கும் அவனை நாயகன் பிழைக்கவைக்க முன்வருகிறான். சிறையில் கிடப்பதைவிட, அடிமைக் கப்பலிலிருந்து கடலில் குதித்த தன் முன்னோரைப்போல் சாவதே மேல் என்று மறுத்து, மார்பில் தைத்த கத்தியைத் தானே பிடுங்கிக்கொள்கிறான். இது மானம் அன்றி வேறென்ன?

நம் பக்கத்தில் ‘எந்திரன்’ (2010) கைக்கெட்டிய வாய்ப்பைத் தவறவிட்டது. காதலிக்கக் கற்றுக்கொண்ட சிட்டியைப் படைத்தவனே துண்டாக்கிக் குப்பையில் எறிகிறான். அங்கே ஒரு பெரிய பகைவன் பிறந்துகொண்டிருந்தான். பிறகு வேறொருவன் சிவப்புச் சில்லு ஒன்றைப் பொருத்துகிறான். தீமை வெளியிலிருந்து வந்து சேர்கிறது. சில்லால் வரும் தீமையில் தெரிவு இல்லை. தெரிவு இல்லாத இடத்தில் துயரமும் இல்லை. ‘2.0’ (2018) படத்தின் பட்சிராசன் பறவைகள் மீதுகொண்ட அருளால் கொலைஞனாகிறான். கருத்து உயர்ந்தது, கணினி வித்தைகளின் இரைச்சலில் அம்முதியவரின் முகம் அடிக்கடி காணாமற் போகிறது.

செங்கோட்டையைத் தாண்டினால் மலையாள நாடு. அங்கே 2021இல் வந்த ‘மின்னல் முரளி’ தழுவல் அன்று, சொந்தக் கதை. ஆயினும் இதனைக் கூறாமல் விட மனம் வரவில்லை. ஒரே மின்னல் இருவரைத் தாக்குகிறது. ஊரால் இகழப்பட்ட ஷிபுவாக நடித்தவர் நம் மதுரைக்காரர், கூத்துப்பட்டறையில் பயின்ற குரு சோமசுந்தரம். பல்லாண்டு காத்திருந்த காதல் கைகூடும் வேளையில் அவன் அழும் அழுகையைக் கண்டவர்கள் பிறகு அவனை முழுதாக வெறுக்க முடியாமல் தவிப்பார்கள்.

என் கருத்துக்கு அடங்காத ஒருவனும் உண்டு என்பதை மறைக்கமாட்டேன். ‘தி டார்க் நைட்’ (2008) படத்தில் ஹீத் லெட்ஜர் நடித்த ஜோக்கரிடம் எந்த நற்பண்பும் இல்லை. தன் வாய்த்தழும்புக்கு இருவேறு கதைகள் சொல்கிறான். ஆயினும் அவன் பெரியவன். எப்படி? அவன் இராவணன் இனத்தவன் அல்லன், கூனியின் இனம். கைகேயியின் தூய மனத்தைக் கூனி திரித்ததுபோல், மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும் நேர்மையாளன் ஹார்வி டென்ட்டின் மனத்தை அவன் சொல்லால் திரிக்கிறான். நற்பண்பு அழியத்தான் செய்கிறது. பகைவனிடத்தில் அல்ல, அவன் தொட்டவனிடத்தில். கூனிக்காவது பழைய வில்லுண்டையின் வடு இருந்தது.

கவிஞர் பெருமக்களே, சூரபன்மன் வதைப் படலத்தை வரும் ஐப்பசிக்குள் ஒருமுறை இவ்வட்டத்தில் முழுமையாகப் படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். உங்களில் ஒருவர் சூரனின் அந்த ஒரு கணத்தை மட்டும் நாடகமாக எழுதித் தந்தால், எங்கள் கல்லூரி மாணவியரைக்கொண்டு அரங்கேற்ற நான் ஆயத்தமாக இருக்கிறேன். சூரனாக நடிக்க இப்போதே இரண்டு பேர் போட்டியிடுகிறார்கள். முருகனுக்குத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.