வேலை போனால் வீடும் போகலாமா?

(தோட்டக் கிளைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



தோட்டத்தில் சம்பளம் குறைவு, ஆனால் குடியிருக்க வீடு உண்டு என்று நம் பாட்டனார் காலம் முதல் சொல்லி வந்தார்கள். அந்த வீடு யாருடையது? தோட்டத்துடையது. வேலை உள்ளவரைதான் லயத்தில் இடம். முப்பது ஆண்டு பால்வெட்டியவரும் அங்கே ஒரு செங்கல்லுக்குச் சொந்தக்காரர் அல்லர்.

இது புதிய துன்பமன்று. 1950-களில் தோட்டத் துண்டாடல் வந்தபோது பல குடும்பங்கள் வேலையையும் கூரையையும் ஒரே நாளில் இழந்தன. அதைக் கண்டுதான் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பணத்தால் 1961-இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பின்னர் 1980, 1990-களில் தோட்டங்கள் பல வீட்டு மனைகளாக மாறின. பால்மரம் நின்ற இடத்தில் மாளிகை எழுந்தது. பால்வெட்டியவரோ வாடகைக்கு அறை தேடினார்.

தோட்டம் மூடப்பட்டால் நட்ட ஈடு இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஐந்து ஆண்டுக்கு மேல் உழைத்தவருக்கு ஆண்டொன்றுக்கு 20 நாள் சம்பளம். அது வேலை போனதற்கு. வீடு போனதற்கென்று அவ்விதிகளில் ஒரு காசும் இல்லை.

வெளியே போய் வாடகைக்கு இருக்க முடியுமா? கணக்குப் பார்ப்போம். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாயிற்று. ஊழியர் சேமநிதிக்கு 187 வெள்ளி போகும். சொக்சோவும் பிடித்தால் கையில் ஏறக்குறைய 1,500. வாடகை 600 என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 900; நாளொன்றுக்கு 30 வெள்ளி. அதில்தான் அரிசி, விளக்கு, தண்ணீர், பிள்ளைகளின் பள்ளிச் செலவு, மருந்து எல்லாம்!

அதற்கும் முன்னே ஒரு தடை. வழக்கப்படி இரண்டு மாத வைப்புத்தொகை, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை என்று 2,100 வெள்ளி வைத்தால்தான் சாவி கிடைக்கும். ஒரு மாதச் சம்பளம் முழுவதையும் கொடுத்தாலும் போதாது. கோலாலம்பூர்த் தெருவோரங்களில் இரவில் படுத்திருப்பவர்களில் பகலில் வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள் என்றால் வியப்பென்ன? 1977-ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டம் அவர்களைப் பிடித்து இல்லத்தில் சேர்க்க வழி சொல்கிறது. வாடகை கட்ட வழி சொல்லவில்லை.

குறைந்த வாடகை முடியாத காரியமா? தலைநகரில் மக்கள் வீடமைப்புத் திட்டத்தில் மாத வாடகை 124 வெள்ளி என்று வைத்தார்களே! அத்தகைய வீடுகள் தோட்டங்களை அடுத்த சிறு பட்டணங்களிலும் வேண்டும். தோட்டத்தை விற்கும் முன் அங்குள்ள குடும்பங்களுக்கு வீடு உறுதியாக வேண்டும். வைப்புத்தொகைக்குக் கூட்டுறவுக் கடன் வேண்டும். இம்மூன்றையும் நாம் ஒரே குரலில் கேட்போம்.

நம் கடமையும் உண்டு. ஓய்வு வயது 60. ஐம்பதைத் தாண்டிய ஒவ்வொருவரும் இந்த மாதமே கிளைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். வீட்டு மனுவை இப்போதே எழுதுவோம். வீடு வாங்கச் சேமநிதியில் பணம் எடுக்க வழியுண்டு. அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நோட்டீஸ் வந்த பின் ஓடுவதில் பயனில்லை, தோழர்களே.